எண்பது வயதைத் தாண்டிய ரகம்: திண்டிவனத்து மணிலாவும் அதைத் தீர்மானித்த அலுவலகங்களும்

1940இல் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. 2 என்ற மணிலா (நிலக்கடலை) ரகத்தை வெளியிட்டது. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம். ரகத்தின் வேர் குடியாத்தம் பக்கத்து உழவர்களின் நிலத்தில் இருந்தது. அங்கே விளைந்த 'குடியாத்தம் கொத்து' என்ற நாட்டு ரகத்தில் நல்ல செடிகளைப் பொறுக்கி, அவற்றின் விதையை ஒன்றுசேர்த்துப் பெருக்கி எடுத்ததுதான் டி.எம்.வி. 2. ஏறக்குறைய 105 நாளில் விளையும். காய்கள் அடிச்செடியிலேயே கொத்தாக இருக்கும். நூறு கிலோ காயை உடைத்தால் எழுபது கிலோவுக்கு மேல் பருப்பு தேறும். பருப்பில் பாதியளவு எண்ணெய்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2000-களின் தொடக்கத்தில், ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் ஏழு லட்சம் எக்டேருக்கு மேல் மானாவாரி மணிலா விதைக்கப்பட்டபோது அதில் பெரும்பகுதி இந்த டி.எம்.வி. 2 தான். கர்நாடகத்திலும் அது பரவலாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. திண்டிவனமே 1967இல் டி.எம்.வி. 7, 1970இல் டி.எம்.வி. 10 என அடுத்தடுத்து ரகங்களைக் கொண்டுவந்தது. விருத்தாசலம் நிலையம் வி.ஆர்.ஐ. வரிசையைத் தொடங்கியது. மகாராஷ்டிரத்தின் ஜல்கானிலிருந்து ஜே.எல். 24 வந்தது. நாடு முழுக்கப் பார்த்தால் வெளியிடப்பட்ட மணிலா ரகங்களின் பட்டியல் மிக நீளமானது. அப்படியிருந்தும் உலகப்போர்க் காலத்து விதை ஒன்று நாட்டின் மிகப்பெரிய மணிலா மாவட்டத்தை ஆண்டுகொண்டிருந்தது. புத்தாக்கம் எப்படிப் பரவுகிறது, நிறுவனங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று ஆராய்வோருக்கு இதைவிட நல்ல வழக்கு தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: விவசாயி பழக்கத்தை விடமாட்டான், புதியதைக் கண்டால் தயங்குவான் என்பது. கருத்தரங்குகளிலும் பயிற்சி முகாம்களிலும் இதை அலுக்காமல் சொல்கிறார்கள். இந்த விளக்கம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. தவறு என்பதோடு, அது தீங்கும் செய்கிறது. முடிவெடுத்தவர்களை விட்டுவிட்டு, முடிவின் விளைவைச் சுமந்தவர்மேல் பழியை வைக்கிறது.

திண்டிவனம் அடங்கிய பழைய தென்னார்க்காட்டின் வரலாறே முதல் மறுப்பு. மணிலா இந்த மண்ணின் பயிர் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது பரவிய வேகத்துக்கு எந்த அரசுத் துறையும் காரணம் இல்லை. புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பல் நின்றது. பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகள் வாங்கின. கம்பும் வரகும் விளைந்த நிலத்தில் மல்லாட்டை (மணிலாவின் ஊர்ப்பெயர்) ஏறியது. 1890-களில் பழைய ரகம் நலிந்து விளைச்சல் சரிந்தபோது பரப்பும் சட்டென்று சுருங்கியது. அப்போது வணிகர்கள் வழியாக மொரீஷியஸ் விதை வந்தது. உழவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் பயிர் மீண்டும் தலைதூக்கியது. கடலூரை அடுத்த பாலூரில் 1905இல் ஆராய்ச்சிப் பண்ணை அமைந்தபோது, தென்னார்க்காட்டு உழவர்கள் ஒரு புதுப் பயிரையும் ஒரு புது ரகத்தையும் ஏற்கெனவே ஏற்று முடித்திருந்தார்கள். இவர்களைப் புதுமைக்கு எதிரி என்று யாரால் சொல்ல முடியும்?

அன்று இரண்டு வசதிகள் ஒருசேர இருந்தன. புது விதையை வேண்டிய அளவு கொண்டுவந்து குவிக்க வணிகருக்கு லாபக் காரணம் இருந்தது. விளைந்ததை அதே வணிகரே வாங்கினார். விதை கொடுப்பவரும் காய் வாங்குபவரும் ஒருவராகவோ ஒருவருக்கொருவர் தெரிந்தவராகவோ இருந்தார்கள். முன்பணக் கடனில் உழவரைக் கட்டிப்போட்ட ஏற்பாடும் அதில் கலந்திருந்தது. அதைப் புகழ வேண்டியதில்லை. என்றாலும் விதை நகர்ந்ததற்கு அந்தப் பிணைப்புதான் காரணம்.

புத்தாக்கப் பரவல் பற்றிய நவீன ஆய்வுகளும் ஒரு விதையில்தான் பிறந்தன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இரண்டு ஊர்களின் உழவர்கள் கலப்பின மக்காச்சோளத்தை எப்படி ஏற்றார்கள் என்று பிரைஸ் ரையனும் நீல் கிராசும் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார்கள். முதலில் சிலர், பிறகு பலர், கடைசியில் மிச்சமிருப்போர் என்று ஏறும் வளைகோடு அங்கிருந்து வந்தது. எவரெட் ரோஜர்ஸ் 1962இல் எழுதிய நூல் அதை உலகெங்கும் கொண்டுபோனது. முன்னோடி, பின்தங்கியவர் என்று மனிதர்களைப் பிரிக்கும் பழக்கம் வேளாண் விரிவாக்கப் பாடநூல்களில் நிலைபெற்றதும் அப்படித்தான். நம் ஊர்ப் பயிற்சி முகாம்களில் கேட்கும் பழமைவாதப் பேச்சு அதன் தேய்ந்த எதிரொலி.

அதே மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டு 1957இல் பொருளியலாளர் ஸ்வி கிரிலிச்சஸ் வேறொரு கேள்வியைக் கேட்டார். அயோவாவில் சீக்கிரம் பரவிய விதை, அலபாமாவில் ஏன் இத்தனை ஆண்டு தாமதம்? அலபாமா உழவர் மந்தமானவர் என்று அவர் எழுதவில்லை. தாமதத்தை இரண்டாகப் பிரித்தார்: விதை அந்த வட்டாரத்துக்கு வந்து சேரவே ஆன காலம் ஒன்று, வந்தபின் உழவர் ஏற்க ஆன காலம் இன்னொன்று. முதல் தாமதத்தை விதை நிறுவனங்கள் தீர்மானித்தன. எந்த வட்டாரத்தில் சந்தை பெரிதோ அங்கே முதலில் போனார்கள். தெற்கு மாநிலங்களுக்கு ஏற்ற கலப்பினங்களை உருவாக்க அவர்களுக்கு அவசரம் இல்லை. ஏற்பைப் பற்றிப் பேசுமுன் இருப்பைப் பற்றிப் பேசு என்பதுதான் கிரிலிச்சஸ் விட்டுச்சென்ற ஆய்வுமுறை. அதை மணிலாவின்மேல் வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் துலங்குகின்றன.

மணிலா தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்க்கும் பயிர். இந்த ஆண்டு விளைந்த காயை அடுத்த ஆண்டு விதைத்தாலும் குணம் மாறாது. ஆகவே உழவர் விதையைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. இது உழவருக்கு நல்லது. ஆனால் ஆண்டுதோறும் விற்க முடியாத விதையில் தனியார் நிறுவனங்களுக்கு நாட்டமில்லை. பொறுப்பு முழுக்க அரசு அமைப்புகளின் தலையில் விழுகிறது.

அடுத்தது பெருக்க விகிதம். ஏக்கருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோ விதைப்பருப்பு வேண்டும். காயாகச் சொன்னால் சுமார் எண்பது கிலோ. மானாவாரியில் ஏக்கருக்கு எண்ணூறு கிலோ காய் கிடைத்தால் நல்ல விளைச்சல். ஒன்றுக்குப் பத்து, அதிலும் சுருங்கல், சொத்தை கழித்தால் எட்டுக்கு வந்துவிடும். நெல்லில் ஒன்றுக்கு நூறு எளிது. ஒரு கணக்குப் போடலாம். ஆராய்ச்சி நிலையம் தரும் ஒரு டன் வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை என இரண்டு தலைமுறை பெருக்கினால், நெல்லில் கிடைக்கும் சான்று விதை பல லட்சம் ஏக்கருக்குப் போதும். மணிலாவில் எண்ணூறு முதல் ஆயிரத்து இருநூறு ஏக்கரோடு நின்றுவிடும். புது மணிலா ரகம் ஒன்று ஒரு மாவட்டத்தைக் கண்ணால் காணவே ஏழெட்டு ஆண்டு ஆவதன் கணிதம் இது. போதாக்குறைக்கு மணிலா விதையை நெடுங்காலம் சேமிக்க முடியாது. அடுத்த பட்டம் தாண்டினால் முளைப்புத்திறன் விழுந்துவிடும். பிறகு எண்ணெய் ஆலைக்குத்தான்.

முடிவெடுக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. எந்த ரகத்தில் எத்தனை குவிண்டால் வல்லுநர் விதை வேண்டும் என்று மாநிலங்கள் முன்கூட்டியே தேவைப்பட்டியல் கொடுக்க வேண்டும். அலுவலக வழக்கில் அதன் பெயர் இண்டென்ட். இன்று எழுதும் இண்டென்ட், ஆதார விதை, சான்று விதை என்று படிகள் கடந்து வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு மூட்டையாக வந்து சேர மூன்று ஆண்டாவது ஆகும். அன்றைக்கு எந்த ரகம் விலைபோகும் என்று இன்றைக்கே சொல்ல வேண்டிய அதிகாரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். டி.எம்.வி. 2 என்று எழுதினால் மூட்டை தேங்காது. புது ரகத்தை எழுதி அது தேங்கினால் முளைப்பு போய் எண்ணெய் விலைக்குத் தள்ளி நட்டக்கணக்கு எழுத வேண்டும். விளக்கமும் சொல்ல வேண்டும். நல்ல புது ரகத்தை எழுதாமல் விட்டதற்காக யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. வராத விளைச்சலுக்குப் பதிவேடு கிடையாது.

அந்த அதிகாரியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் செய்வார்கள். நிர்வாகவியல் இதை நன்றாகவே விளக்கியிருக்கிறது. ஹெர்பர்ட் சைமன் 1940-களிலிருந்தே சொல்லிவந்தது, மனிதரும் அமைப்பும் ஆகச் சிறந்ததைத் தேடி அலைவதில்லை, போதுமானது கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள் என்பது. அவரோடு சேர்ந்து உழைத்த ஜேம்ஸ் மார்ச் 1991இல் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. எந்த அமைப்புக்கும் இரண்டு வேலை உண்டு: புதியதைத் தேடுவது, கையில் இருப்பதைச் செம்மையாகப் பயன்படுத்துவது. இரண்டாவதன் பலன் சீக்கிரம் வரும், உறுதியாக வரும், அருகிலேயே தெரியும். தேடலின் பலன் தாமதமாக வரும், வராமலும் போகும், வந்தாலும் வேறெங்கோ வேறு யாருக்கோ வரும். அதனால், அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளும் அமைப்புகள் நாளடைவில் தேடலைக் கைவிட்டுக் கையில் இருப்பதிலேயே ஊறிவிடுகின்றன என்றார் மார்ச். அமைப்பு எவ்வளவு ஒழுங்காகக் கற்கிறதோ அவ்வளவு சீக்கிரம் இந்தப் பொறியில் விழும் என்பதுதான் அவர் வாதத்தில் வலிக்கும் இடம். இண்டென்ட் எழுதும் மேசை கடந்த ஆண்டு விற்பனையிலிருந்து கற்கிறது. கடந்த ஆண்டு விற்றது, அதற்கு முந்தைய இண்டென்டில் இருந்தது.

மார்ச் ஒரே அமைப்பை வைத்துப் பேசினார். நம் வழக்கில் அமைப்புகள் பல. டி.எம்.வி. 2 பிறந்தபோது ஆராய்ச்சியும் விரிவாக்கமும் ஒரே வேளாண் துறையின்கீழ் இருந்தன. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானபின் ஆராய்ச்சி நிலையங்கள் அதன்கீழ் போயின. விரிவாக்கமும் விதை வழங்கலும் துறையிடமே நின்றன. சான்றளிப்பு வேறொரு பிரிவு. பல்கலைக்கழகம் வந்ததால் ஆராய்ச்சிக்கு ஆழம் கிடைத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் தேடுகிற வேலை ஓரிடத்திலும், தேடிக் கண்டதைப் பெருக்குகிற வேலை வேறிடத்திலும் அமைந்துவிட்டது. ரகத்தை வெளியிட்டதும் ஆராய்ச்சியாளரின் சாதனை பதிவாகிவிடுகிறது. விதையை விற்றதும் துறையின் இலக்கு எட்டப்பட்டுவிடுகிறது. வெளியான ரகம் நிலத்தில் எத்தனை ஏக்கரைப் பிடித்தது என்ற கேள்வி இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது.

அனந்தபூரில் கடைசியில் டி.எம்.வி. 2 எப்படி விலகியது என்பது இந்த வாதத்துக்கு நேரடிச் சான்று. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.சி.ஜி.வி. 91114 என்ற ரகத்தை உருவாக்கியது. 2000-களின் தொடக்கத்தில் அதை உழவர்களின் நிலத்திலேயே, அவர்களே பல ரகங்களை விதைத்து ஒப்பிட்டுத் தேர்வு செய்யும் முறையில் சோதித்தார்கள். உழவர்கள் அதை விரும்பினார்கள். டி.எம்.வி. 2ஐவிட விளைச்சல் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கூடுதல்; வறண்ட ஆண்டுக்கும் நல்ல ஆண்டுக்கும் இடையிலான ஏற்ற இறக்கமும் குறைவு. ஏறக்குறைய அதே காலத்தில் கதிரி ஆராய்ச்சி நிலையம் கே 6 ரகத்தைக் கொடுத்தது. 2010-களில் அனந்தபூரில் மேலோங்கி நின்றது கே 6. ஆந்திர அரசு மானிய விலையில் லட்சக்கணக்கான குவிண்டால் மணிலா விதையை ஆண்டுதோறும் கொள்முதல் செய்து அங்கே வழங்கிவந்தது. அந்தப் பெருவழியில் ஏறிய ரகம் அது. அறுபது ஆண்டு அசையாமல் இருந்தவர்கள் என்று பெயர் வாங்கிய அதே உழவர்கள், விதை கைக்கு எட்டியதும் சில ஆண்டுகளில் மாறிக்கொண்டார்கள். கிரிலிச்சஸ் சொன்ன இரண்டு தாமதங்களில் எது பெரியது என்பதை அனந்தபூர் காட்டிவிட்டது. கொள்முதல் மேசை ஒரு ரகத்தின்மேல் சாய்ந்ததும் பல ரகங்கள் இருக்க வேண்டிய நிலத்தில் ஒன்றே நிறைந்துவிடுகிறது என்ற கவலையும் அதிலேயே அடங்கியிருக்கிறது. பழைய ஒற்றை ரகத்தின் இடத்தில் புதிய ஒற்றை ரகம். முடிவெடுக்கும் முறை மாறவில்லை.

உழவர் எதை அளக்கிறார், அலுவலகம் எதை அளக்கிறது என்ற வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ரக வெளியீட்டுக்கான சோதனைகள் பல இடங்களில், பல பருவங்களில் நடக்கின்றன. காய் விளைச்சல், உடைப்புத்திறன், எண்ணெய் அளவு, இலைப்புள்ளி, துரு நோய் எதிர்ப்பு எல்லாம் பதிவாகின்றன. இவை தேவையானவையே. திண்டிவனத்துக் கரட்டு நிலத்தில் நின்று பார்த்தால் வேறு சில கணக்குகளும் உண்டு. காய் அடிச்செடியில் கொத்தாக இருந்தால் ஒரே இழுப்பில் பிடுங்கிவிடலாம். ஈரம் காய்ந்து மண் இறுகியபின் கொடி ரகத்தைப் பிடுங்கினால் பாதிக் காய் மண்ணிலேயே தங்கும். கொத்திக் கொத்தி எடுக்க ஆள் வேண்டும். செடியிலிருந்து காய் ஆய்வது பெரும்பாலும் பெண்களின் வேலை. எத்தனை படி ஆய்ந்தார்களோ அதற்கேற்பக் கூலி என்றால், காய் திரட்சியாக இருக்கிறதா என்பது அவர்கள் வருமானத்தைத் தொடும். தீவனத்துக்குக் கொடி தேறுமா, சிவப்புக் கம்பளிப்பூச்சி கண்டால் தாங்குமா, உடைக்கிற மில்லில் பருப்பு பிளக்குமா? 1940இலேயே திண்டிவனம் வெளியிட்ட டி.எம்.வி. 1, டி.எம்.வி. 3 ஆகியவை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விதைகளில் தேர்ந்தெடுத்த கொடி ரகங்கள். அவை காலப்போக்கில் நிலத்தை விட்டு நீங்கின. கொத்து ரகமான டி.எம்.வி. 2 நின்றது. ஒரே ஆண்டில் ஒரே நிலையம் கொடுத்தவற்றுள் உழவர் பிரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதைப் பழக்கம் என்று ஒதுக்கினால் எது முடிவு, எது பழக்கம் என்பதே நமக்குத் தெரியவில்லை என்றாகும்.

டி.எம்.வி. 2 நீடித்ததற்கு அதன் தரமும் காரணம்தான். குறுகிய வயது, சீரான சிறு பருப்பு, எங்கே போட்டாலும் சுமாராகவேனும் கொடுக்கும் குணம். உடைப்புக் கணக்கு வியாபாரிக்கு மனப்பாடம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒரு கைப்பிடிக் காயை உடைத்துப் பார்த்து விலை சொல்பவர், தெரிந்த ரகத்துக்குத் துணிந்து விலை சொல்வார்; தெரியாததற்கு இழுத்துப் பிடிப்பார். அந்த இழுப்பு, புது ரகம் விதைத்த முதல் உழவரின் பையிலிருந்து போகிறது. இண்டென்ட் மேசையிலும் ஏலக் களத்திலும் ஒரே கணக்குதான் ஓடுகிறது: தெரிந்ததில் இருப்பவருக்கு இழப்பில்லை. புதுமையின் செலவு மட்டும் கடைசி ஆளின் தலையில் ஏறுகிறது.

பழமைவாத விளக்கத்தை முற்றாக உடைக்க, திண்டிவனம், மரக்காணம், வானூர்ப் பக்கத்துத் தர்பூசணி வயல்கள் போதும். மணிலாவுக்கு வீட்டு விதையை நம்புகிற அதே குடும்பங்கள், தர்பூசணிக்கு ஒவ்வொரு பட்டமும் தனியார் கம்பெனிகளின் வீரிய ஒட்டு விதையைப் பணம் கொடுத்து வாங்குகின்றன. நிலப்போர்வை, சொட்டுநீர் என்று செலவு செய்யவும் அஞ்சுவதில்லை. ஏக்கருக்குச் சில நூறு கிராம் விதை. கடைக்காரர் வீடுதேடி வந்து பேசுவார். இரண்டு மாதம் கடந்ததும் சாலையோரத்தில் லாரி நிற்கும். விதையைச் சுற்றி இருக்கும் அமைப்பு வேறு. அதனால் அதே மனிதரின் முடிவும் வேறு. விழுப்புரம் மாவட்டத்தில் மணிலா விட்டுக்கொடுத்த நிலத்தில் இன்று கரும்பும் உளுந்தும் சவுக்கும் தர்பூசணியும் நிற்கின்றன. சரியான விதை சரியான காலத்தில் வந்திருந்தால் இதில் எவ்வளவு நிலம் மணிலாவிலேயே நின்றிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆள் பற்றாக்குறையும் இதில் பெரிய காரணம் என்பதால் முழுப் பழியையும் விதையின்மேல் போட மாட்டேன்.

மாற்றங்கள் வராமல் இல்லை. 10, 15 ஆண்டுகளுக்குள் வெளியான ரகங்களுக்கே விதை மானியம் என்ற விதி, பழைய ரகத்தை எழுதும் வசதியை இண்டென்ட் மேசையிடமிருந்து பறித்தது. இது உதவியது என்றே நினைக்கிறேன். விதியின் குறை, வயதைத் தரத்துக்குப் பதிலாக வைப்பது. இளைய ரகம் எல்லாம் நல்ல ரகம் ஆகாது. மானியத்துக்காக எழுதப்பட்டு வயலில் நிற்காமல் போனவை மூட்டைக் கணக்கில் மட்டும் வெற்றி பெறும். விதைக் கிராமத் திட்டம் இதைவிடச் சரியான திசை. ஆதார விதையை ஊரில் சில உழவர்களிடம் கொடுத்து, அங்கேயே பெருக்கி, அக்கம்பக்கத்துக்கு அவர்களையே விற்கச் செய்வது பெருக்க விகிதத்தின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதைவிட முக்கியமாக, அடுத்த பட்டத்துக்கு எது வேண்டும் என்ற முடிவில் ஒரு பங்கை ஊருக்குக் கொண்டுவருகிறது. விதை கைமாறிக் கைமாறியே, சில பட்டங்களில் ஒரு ஊரைப் பிடித்த ரகங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அதில் எந்த அலுவலகத்துக்கும் பங்கில்லை.

செய்ய வேண்டிய ஆய்வு ஒன்று விழுப்புரத்திலேயே காத்திருக்கிறது. மாவட்டத்தின் விரிவாக்க மையங்களில் ஆண்டுவாரியாக எந்த ரகம் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை விற்றது என்ற பதிவேடுகள் இருக்கின்றன. திண்டிவனம், விழுப்புரம் விற்பனைக் கூடங்களில் வரத்தும் விலையும் பதிவாகின்றன. திண்டிவனம் நிலையத்தில் வெளியீடுகளின் வரலாறு இருக்கிறது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ரகமும் வெளியீட்டிலிருந்து முதல் மூட்டைக்கு எத்தனை ஆண்டு எடுத்தது, முதல் மூட்டையிலிருந்து உழவரின் சொந்த விதையாக மாற எத்தனை ஆண்டு எடுத்தது என்று பிரித்து எழுதலாம். கிரிலிச்சஸ் மக்காச்சோளத்துக்குச் செய்ததை மணிலாவுக்குச் செய்யும் வேலை அது. மேலாண்மை படிக்கும் ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் முடித்துவிடலாம். முதல் எண் பெரிதாக வந்தால், அடுத்த பயிற்சி முகாமை உழவர்களுக்கு நடத்துவதா, இண்டென்ட் எழுதுபவர்களுக்கும் அதைக் கேட்டு வாங்குபவர்களுக்கும் நடத்துவதா என்று மாவட்ட நிர்வாகம் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.